கால் நொடியில் ஒரு மீட்டர்: கண்டாங்கிச் சேலையும் ராட்டினமும்

ராட்டினத்தைக் கண்டால் எனக்கு எந்த வயதிலும் கால் தரையில் நிற்காது. சிறுவயதில் எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வந்த ராட்டினத்தில் நான்கே தொட்டிகள். மரச்சட்டம்தான், மோட்டார் கிடையாது. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் நின்று கையால் தள்ளிவிடுவார்கள். தொட்டி மேலே ஏறும்போது பெருமாள் கோயில் கோபுரமும் கீழே இறங்கும்போது பொரிகடலைக் கடையும் மாறி மாறித் தெரியும். திருவிழாக் காசு முழுவதும் அதற்கே போய்விடும்.

காரைக்குடிக் கைத்தறிக் கண்டாங்கிச் சேலைகளை வாங்கி விற்கத் தொடங்கியிருக்கும் என் சித்தி மகள் போன மாதம் வந்து, "அக்கா, செட்டிநாட்டு வீட்டுத் தூண், திண்ணை, முற்றம் என்று எல்லோரும் சேலைப் படம் எடுத்துவிட்டார்கள். வேறு இடம் சொல்லுங்கள்" என்றாள். நான் யோசிக்கவே இல்லை. "பொருட்காட்சி. ராட்டினத்துக்கு முன்னால்."

சென்னை தீவுத்திடலில் பொங்கலை ஒட்டி நடக்கும் சுற்றுலாப் பொருட்காட்சியைத் தேர்ந்தெடுத்தோம். விற்பனைக்கான படங்கள் என்பதால் முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டோம். மொத்தம் மூன்று மாலைகள் போனோம். செய்தவற்றையும் தவறியவற்றையும் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். ராட்டினத்தின் முன் ஆடைப்படம் எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு மாலையாவது மிச்சமாகும்.

முதல் மாலை கேமராவை எடுத்துப் போகவில்லை. கையில் இருந்தவை ஒரு நோட்டுப் புத்தகம், கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரம், மூன்று துணித் துண்டுகள். துண்டுகள் அரக்குச் சிவப்பு, கடுகு மஞ்சள், கறுப்பு. மூன்றும் கண்டாங்கியின் பழகிய நிறங்கள்.

ராட்டினத்தை இயக்கும் அண்ணனிடம் பேச்சுக் கொடுத்தேன். விட்டம் ஐம்பது அடி, தொட்டிகள் இருபது என்றார். டிக்கெட் பலகையில் 'ஜெயன்ட் வீல்' என்று எழுதியிருந்தாலும் அவர் வாயில் வந்ததும் ராட்டினம்தான். அவர் ஆள் ஏற்றும் முறையை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தொட்டி நிரம்பியதும் பக்கத்துத் தொட்டியைக் கீழே கொண்டுவரவில்லை. சக்கரத்தை அரைச் சுற்று சுற்றி, நேர் எதிரே இருந்த தொட்டியை இறக்கி அதில் ஆள் ஏற்றினார். அடுத்த தொட்டி, அதற்கும் எதிர்த் தொட்டி. "ஒரு பக்கமே பாரம் சேர்ந்தால் மோட்டார் திணறும், பிரேக்கும் பிடி கொடுக்காது" என்றார். கனமான குடும்பத்தை ஒரு தொட்டியில் உட்கார வைத்தால், எதிர்த் தொட்டிக்கு வரிசையில் அதே அளவு ஆட்களைக் கண்ணாலேயே எடை போட்டுப் பொறுக்கினார். தராசு பிடிக்கும் கடைக்காரரின் கண் அது.

எனக்கு இதனால் ஒரு பெரிய லாபம். ஆள் ஏற்றும் ஐந்தாறு நிமிடமும் சக்கரம் நின்று நின்று நகர்கிறது. ஒவ்வொரு நிறுத்தமும் பத்துப் பதினைந்து நொடி. ராட்டினம் அசையாமல் தெரிய வேண்டிய படங்களை அந்த இடைவெளிகளில் எடுக்கலாம். பிறகு முழு வேகம் வருகிறது. ஐந்து முறை அளந்து பார்த்தேன். ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு நொடி.

இந்தப் பன்னிரண்டுதான் பிறகு எல்லாவற்றுக்கும் அடிப்படையானது. ஐம்பது அடி விட்டம் என்றால் சுற்றளவு ஏறக்குறைய 48 மீட்டர். பன்னிரண்டு நொடியில் 48 மீட்டர், அதாவது சக்கரத்தின் விளிம்பு நொடிக்கு நான்கு மீட்டர் ஓடுகிறது. இருபது தொட்டிகள் இருப்பதால் ஒரு தொட்டி அடுத்த தொட்டியின் இடத்துக்கு வர 0.6 நொடி ஆகிறது. கேமராவுக்குள் ஒளியை விடும் கதவான ஷட்டர் அதைவிட நீண்ட நேரம் திறந்திருந்தால் தொட்டி விளக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து முழு வளையமாகிவிடும். அதைவிடக் குறைவாக இருந்தால் தனித்தனி ஒளிக்கீற்றுகளாக நிற்கும். வீட்டுக்கு வருவதற்குள் நோட்டில் இந்தக் கணக்கு முடிந்திருந்தது.

துணித் துண்டுகள் சொன்னது வேறு செய்தி. ராட்டினத்தின் எல்இடி விளக்குகள் நீலம், பச்சை, இளஞ்சிவப்பு என்று மாறிக்கொண்டே இருக்கின்றன. நீலம் எரியும்போது அரக்குச் சிவப்புத் துண்டைக் கையில் விரித்துப் பார்த்தேன். கறுப்புக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. சிவப்புச் சாயம் சிவப்பு ஒளியை மட்டுமே திருப்பி அனுப்பும். விளக்கில் சிவப்பே இல்லாதபோது அது எதைத் திருப்பி அனுப்பும்? கடுகு மஞ்சள் பச்சையடித்தது. சேலையை விற்க எடுக்கும் படத்தில் சேலையின் நிறமே பொய்யாகிவிட்டால், வாங்கியவர் பெட்டியைப் பிரித்ததும் திட்டுவார். ஆகவே ராட்டின வெளிச்சம் பின்னணிக்கு, சேலைக்கு நம்முடைய ஃபிளாஷ் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

பட்டுச் சேலையை ஏன் விட்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜரிகையில் ஃபிளாஷ் பட்டால் கண்ணாடித் துண்டு போல வெளுத்துத் தெறிக்கும், நெய்த வேலைப்பாடு எதுவும் படத்தில் மிஞ்சாது. கண்டாங்கி கெட்டியான பருத்தி. பெரிய கட்டங்களும் அகலக் கரையும் கொண்டது. வெளிச்சத்தை மென்மையாக வாங்கிக்கொள்ளும், தூரத்திலிருந்து பார்த்தாலும் கட்டம் கட்டமாகத் தெரியும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை அது. ஆனால் குறியீட்டை விட அந்தக் கட்டங்கள்தான் என்னை இழுத்தன. ராட்டினத்தின் குறுக்குச் சட்டங்களோடு அவை பொருந்திப் போகும் என்று மனத்தில் ஒரு படம் ஏற்கெனவே விழுந்திருந்தது.

இரண்டாம் மாலை ஐந்து மணிக்கே தங்கை அரக்குச் சேலையில் வந்துவிட்டாள். முந்தானையை ஒற்றையாக விட்டு, தோளில் இரண்டு ஊக்கு, கொசுவத்தில் ஒன்று. காலில் தட்டையான தோல் செருப்பு. கூட்டமும் கேபிளும் நிறைந்த மண் தரையில் உயர்ந்த குதிகால் வேண்டவே வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

அன்று நான் வழக்கப்படி செய்தேன். 50 மில்லிமீட்டர் லென்ஸ், அப்பர்ச்சர் என்னும் லென்ஸின் ஒளித் துளை எஃப் 1.8 என்று அகலத் திறந்து, ஷட்டர் 1/250 நொடி. முகம் கூர்மையாக வந்தது. பின்னால் ராட்டினம் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய பெரிய ஒளிப்பொட்டுகள் மிதந்தன. அழகுதான், ஆனால் அது தெருவிளக்காகவும் இருக்கலாம், கல்யாண மண்டபத்துச் சீரியல் விளக்காகவும் இருக்கலாம். ராட்டினம் என்று யாரும் சொல்ல முடியாது. அதைவிடக் கொடுமை, ஃபிளாஷ் போடாமல் எடுத்த பல படங்களின் குறுக்கே கறுப்புப் பட்டைகள். நாற்பது படங்களுக்கு மேல் போயின. தங்கை எதுவும் சொல்லவில்லை. நான் ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தேன்.

பட்டை வரும் காரணம் இதுதான். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. அதில் எரியும் மலிவு விலை எல்இடி ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு முறை, அதாவது நொடிக்கு நூறு முறை மங்கி ஒளிர்கிறது. கண்ணுக்கு அது தெரியாது. 1/250 நொடி மட்டும் திறக்கும் கேமராவுக்குத் தெரிந்துவிடும். படத்தின் ஒரு பகுதி விளக்கு ஒளிரும்போதும் இன்னொரு பகுதி மங்கும்போதும் பதிவாகிறது. 1/100 வைத்தால் ஒரு முழுத் துடிப்பு உள்ளே வரும், 1/50 வைத்தால் இரண்டு. அதற்கும் மெதுவாக வைத்தால் கவலையே இல்லை.

மெதுவாகத்தானே போக வேண்டும், இன்னும் மெதுவாகப் போவோம் என்று கேமராவை முக்காலியில் பூட்டினேன். பையைக் கழற்றி நடுத்தண்டின் கொக்கியில் மாட்டினேன். ராட்டினத்தின் எஞ்சின் அதிர்வு தரை வழியாக வருகிறது, பாரம் இருந்தால்தான் முக்காலி நிற்கும். தங்கையை ஒதுங்கச் சொல்லிவிட்டு ராட்டினத்தையே குவித்து வெவ்வேறு வேகத்தில் எடுத்துப் பார்த்தேன். நான்கு நொடியில் சக்கரம் வெளிச்சத் தாம்பாளமாகிவிட்டது. தொட்டியும் இல்லை, சட்டமும் இல்லை. 1/15 நொடியில் விளிம்பு ஒரு முழம் கூட நகரவில்லை, ஏதோ கை நடுங்கி எடுத்த படம் போல இருந்தது. கால் நொடியில் அது சரியாக வந்து விழுந்தது. விளிம்பு ஒரு மீட்டர் ஓடியிருக்கிறது. ஒவ்வொரு விளக்கும் பிறை போல வளைந்து இழுபட்டிருக்கிறது. ஆனால் அச்சுக்கு அருகே வேகம் குறைவு என்பதால் நடுச்சட்டங்கள் அப்படியே தெரிகின்றன. சுற்றுகிறது என்றும் தெரிகிறது, ராட்டினம் என்றும் தெரிகிறது.

அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கினேன். ஒளிக்கீற்று ஒரே கோடாக இல்லை. சின்னச் சின்னப் புள்ளிகள், நடுவில் இருட்டு, மறுபடி புள்ளி. சேலைக் கரையில் போடும் ஓட்டுத் தையல் போல இருந்தது. ஒரு விளக்கின் கீற்றை மட்டும் எடுத்து விரல் வைத்து எண்ணினேன். இருபத்தைந்து. நொடிக்கு நூறு துடிப்பு என்றால் கால் நொடிக்கு இருபத்தைந்துதானே! ஒரு மீட்டர் ஓட்டத்தில் நான்கு சென்டிமீட்டருக்கு ஒன்றாக விளக்கு தன் துடிப்பைத் தானே தைத்து வைத்திருக்கிறது. சற்று முன் நாற்பது படங்களைக் கெடுத்த அதே துடிப்பு. தங்கையை ஓடி வரச் சொல்லிக் காட்டினேன். அவளும் ஒரு முறை எண்ணிப் பார்த்தாள். அன்றைக்கு அத்துடன் வீட்டுக்குப் போய்விட்டோம், அது போதும் என்று இருந்தது.

மூன்றாம் மாலைதான் உண்மையான வேலை. ஜனவரியில் சென்னையில் ஆறு மணி சுமாருக்குச் சூரியன் மறைகிறது. நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் அந்தி நீண்டு கிடக்காது. வானம் ஆழ்ந்த நீலமாகவும் ராட்டின விளக்குகள் அதே பலத்தில் ஒளிர்வதாகவும் இருக்கும் நேரம் பத்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. அதற்கு முன் விளக்கு எடுபடாது, அதற்குப் பின் வானம் கரிச்சட்டி. எல்லாவற்றையும் ஆறு மணிக்குள் பூட்டி வைத்துவிட்டு அந்தப் பத்து நிமிடத்துக்காகக் காத்திருந்தோம்.

இருந்த இடம் டிக்கெட் கூண்டின் பக்கவாட்டு வேலி ஓரம். நடைபாதையில் முக்காலியை விரித்தால் ஓடும் குழந்தைகள் தடுக்கி விழுவார்கள், ஆகவே வேலிக்கு உட்புறமாகவே மூன்று கால்களும். தங்கை எனக்கு மூன்று மீட்டர் முன்னால், ராட்டினம் அவளுக்குப் பின்னால் முப்பது மீட்டருக்கு மேல். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் 50 மில்லிமீட்டரில் முழுச் சக்கரமும் அடங்கியது. அப்பர்ச்சரை எஃப் 5.6 ஆகச் சிறிதாக்கினேன். ராட்டினம் மெல்லக் கலங்கினாலும் சட்டங்கள் எண்ணும்படி இருந்தன. ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓ 400, ஷட்டர் கால் நொடி.

கால் நொடி ஒரு மனிதர் அசையாமல் நிற்பது கடினம், மூச்சு விட்டாலே முகம் கலங்கும். ஃபிளாஷ் இங்கேதான் கைகொடுக்கிறது. அது சுடும் நேரம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த மின்னலில் தங்கை உறைந்துவிடுவாள், மிச்சக் கால் நொடியில் ராட்டினம் தன் போக்கில் ஓடும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அவள் மீது வேறு வெளிச்சம் விழக்கூடாது. பக்கத்துப் பஜ்ஜிக் கடையின் குழல் விளக்கு அவளுடைய இடது கன்னத்தில் பட்டு, முதல் ஐந்து படங்களில் முகத்தைச் சுற்றிப் பேய் நிழல் போல ஒரு கலங்கல். இரண்டடி நகர்த்தி, கடையின் கூரை நிழலுக்குள் நிறுத்தியதும் சரியானது. ஃபிளாஷ் ஷட்டர் மூடும் தறுவாயில் சுடும்படி வைத்தேன். தொடக்கத்தில் சுட்டால், ஃபிளாஷ் பட்ட பிறகு ஆள் அசைந்தது உருவத்துக்கு முன்னால் தெரியும். கடைசியில் சுட்டால் அசைவின் தடம் பின்னால் தங்கும், காற்றில் பறக்கும் முந்தானைக்கு அதுதான் இயல்பு. ஃபிளாஷ் முகப்பில் வெளிர் ஆரஞ்சு நிறத் தாளை ஒட்டி, எந்த ஒளியை வெள்ளையாகக் கொள்வது என்று கேமராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்ஸை அதற்கேற்ப இறக்கினேன். சேலையின் அரக்கு அரக்காகவே வந்தது, வானம் இன்னும் ஒரு படி நீலமாக ஆழ்ந்தது.

கடற்காற்று கிழக்கிலிருந்து வீசியது. முந்தானையை அந்தத் திசைக்கு முதுகு காட்டி விட்டதும் தானாகவே எழுந்து விரிந்தது. கட்டங்கள் ராட்டினச் சட்டங்களுக்கு நேராக வந்த ஒரு கணம், அமுக்கினேன். பத்து நிமிடத்தில் முப்பத்தோரு படம். அவற்றில் ஏழு தேறின, ஏழில் ஒன்று நான் மனத்தில் பார்த்திருந்த அதே படம்.

நீலம் வடிந்த பிறகு டிக்கெட் வாங்கி வரிசையில் நின்றோம். இது படத்துக்காக மட்டும் என்று சொன்னால் பொய். தங்கை கேட்டாள், "அக்கா, இதை யார் முதலில் செய்தார்கள்?" கையால் சுற்றும் மரச்சக்கரங்களை 1620-இலேயே, இன்று பல்கேரியாவில் இருக்கும் ப்லோவ்டிவ் நகரில் பார்த்ததாக பீட்டர் மண்டி என்ற ஆங்கிலப் பயணி குறித்து வைத்திருக்கிறார். எங்கள் ஊர் நான்கு தொட்டி ராட்டினத்துக்கு அது ஒன்றுவிட்ட பாட்டி. எஃகுச் சக்கரத்தைப் பேருருவில் எழுப்பியவர் ஜார்ஜ் வாஷிங்டன் கேல் ஃபெரிஸ். 1889-இல் பாரிஸ் ஈஃபில் கோபுரத்தைக் காட்டி உலகத்தை மயக்கிவிட்டது. 1893-இல் உலகக் கண்காட்சி நடத்திய சிகாகோவுக்கு அதற்கு ஈடாக ஒன்று தேவைப்பட்டது. பாலங்களுக்கான எஃகோடு பழகிய ஃபெரிஸ் 264 அடி உயரச் சக்கரத்தை நிறுத்திக் காட்டினார். முப்பத்தாறு பெட்டிகள், பெட்டிக்கு அறுபது பேர், ஒரே நேரத்தில் 2,160 பேர். 1906-இல் அதை வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். அதைச் சொன்னபோது தங்கையின் முகம் வாடிப்போனது, எனக்கும் அந்த இடத்தில் எப்போதும் மனம் வலிக்கும்.

ஏறுவதற்கு முன் முந்தானையை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து செருகி, மேலும் ஒரு ஊக்குப் போட்டோம். தொட்டிக்கு வெளியே ஒரு விரற்கடைத் துணி கூடத் தொங்கக்கூடாது. இதில் சமரசமே இல்லை, எந்தப் படத்துக்காகவும் இல்லை. கேமரா வாரைக் கழுத்தில் போட்டு மணிக்கட்டிலும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். லென்ஸ் 24 மில்லிமீட்டர், ஷட்டர் 1/15. தொட்டிக்குள் இருவரும் ஒன்றாகவே நகர்கிறோம் என்பதால் எதிரே உட்கார்ந்திருப்பவர் கூர்மையாகவும் உலகம் கலங்கியும் வரும். தரையில் கிடைத்ததற்கு நேர் தலைகீழ்.

ஆள் ஏற்ற நிறுத்தியபோது நாங்கள் உச்சியில் இருந்தோம். கீழே கூவம் கறுத்துக் கிடந்தது, தூரத்தில் துறைமுக விளக்குகள், அவற்றுக்கு அப்பால் கடலின் இருட்டு. பிறகு முழு வேகம். உச்சியைத் தாண்டும் இடத்தில் அடிவயிறு கூசுவதற்கும் கணக்கு இருக்கிறது. நொடிக்கு நான்கு மீட்டர் வேகம், இருபத்தைந்து அடி ஆரம் என்று போட்டுப் பார்த்தால் உச்சியில் நம் எடை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, அடியில் அதே அளவு கூடுகிறது. சேலைக்கும் அப்படித்தான். ஒவ்வொரு முறை உச்சியைக் கடக்கும்போதும் தங்கையின் மடியில் கிடந்த மடிப்புகள் மெல்ல மேலெழுந்து, இறங்கும்போது தணிந்தன. மூன்றாவது சுற்றில் அந்த எழுச்சிக்காகக் காத்திருந்து எடுத்தேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு சிரிக்கிறாள், மடியில் கண்டாங்கி மூச்சு விடுகிறது. சேலையை விற்க எடுத்த படங்களில் இந்த ஒன்றை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை என்றேன். அவளுடைய விற்பனைப் பக்கத்தில் முதல் படமாக இப்போது அதுதான் இருக்கிறது.

லண்டன் நகரத்தின் பெரிய ராட்டினமான லண்டன் ஐ 135 மீட்டர் உயரம், ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம். அதன் விளிம்பு கால் நொடியில் ஆறு சென்டிமீட்டர்தான் நகரும். நான் கண்டுபிடித்த கால் நொடிக் கணக்கு அங்கே செல்லாது, சேலை மடிப்பும் எழாது. உலகத்தின் பெரிய சக்கரங்களை ஒரு நாள் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு. ஆனால் உடம்பு உணரும்படி சுற்றுவது இந்த ஐம்பது அடி ராட்டினம்தான்.

இறங்கியபோது சேலைக் கரையில் கட்டைவிரல் அளவுக்குக் கறுப்பு மசகு. ஏறும்போது தொட்டியின் கதவுக் கீலில் உரசியிருக்கிறது. தண்ணீர் விட்டுத் தேய்க்கப் போனவளைத் தடுத்தேன், தேய்த்தால் மசகு நூலுக்குள் இறங்கிவிடும். வீட்டில் கறையின் மேல் முகப்பவுடரைக் கெட்டியாகத் தூவி இரவு முழுவதும் வைத்தோம். காலையில் தட்டிவிட்டு, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, விரல் நுனியால் வெளியிலிருந்து உள்ளாக மெல்ல ஒற்றி, குளிர்ந்த நீரில் அலசினோம். இரண்டு முறை செய்தபின் ஏறக்குறைய போய்விட்டது. வெயிலில் பிடித்துப் பார்த்தால் மட்டும் ஒரு சாம்பல் நிழல் தெரிகிறது. அந்தச் சேலையைத் தங்கை விற்பனைக்கு வைக்கவில்லை. கடுகு மஞ்சள் சேலைக்கு அடுத்த வாரம் போகிறோம். இயக்கும் அண்ணனுக்குக் கொடுக்க அவருடைய ராட்டினப் படம் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டு வைத்திருக்கிறேன், இருபத்தைந்து புள்ளிகளும் தெரியும்படி.